கடைசிக் கவளம்

காற்று அவருடைய முதுகுப் பக்கமிருந்து நேராக மானை நோக்கித்தான் வீசிக்கொண்டிருந்தது. ஆனாலும் மான் ஓடவில்லை.

மரியரட்ணம் இதை முதலில் நம்பவில்லை. பரணின் திறப்பு வழியே கையை வெளியே நீட்டி, விரலை எச்சிலில் நனைத்துப் பிடித்துப் பார்த்தார். விரலில் தன்னைப் பார்த்த பக்கம்தான் குளிர்ந்தது. மனித வாடை பட்ட அந்தக் கணமே மான் பின்புறத்து வெள்ளையைக் காட்டிக்கொண்டு பாய்ந்துவிட வேண்டும். வேட்டை அனுமதிக்காகப் படித்த மாலை வகுப்பில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். இந்த மான் மூக்கை உயர்த்தியது. ஈரமான கறுத்த மூக்கு இரண்டு தரம் விரிந்து சுருங்கியதை அவர் பார்த்தார். பிறகு அது, தெரிந்த யாரோ வாசலில் நிற்கிறார்கள் என்பதுபோல, மறுபடி குனிந்து மேயத் தொடங்கியது.

கிழட்டு மானாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார். எனக்குக் கண் போனதுபோல அதற்கு மூக்கு போயிருக்கலாம்.

மடியில் கிடந்த துவக்கில் தோட்டா இல்லை. அன்று அவர் சுட வரவில்லை, பார்க்க வந்திருந்தார். பக்கத்துப் பலகையில் துணிப்பைகளில் மூன்று குறிகாட்டிகள் இருந்தன. துவக்கின் மேல் பூட்டிக்கொண்டு பார்த்தால் கண்ணாடிக்குள் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும், அந்தப் புள்ளியை மிருகத்தின் மேல் வைத்தால் போதும். ஐம்பத்து நாலு வயதுக் கண்ணுக்கு அது வேண்டியிருந்தது. பழைய முறையில் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற வெட்டையும், குழல் நுனியில் இருக்கிற குமிழையும், தூரத்தில் நிற்கிற பன்றியையும் ஒரே கோட்டில் பார்க்க வேண்டும். வெட்டு தெளிந்தால் பன்றி கரைந்துவிடும். பன்றி தெளிந்தால் வெட்டு பஞ்சாகிவிடும். அந்தி வேளையில் மூன்றும் சேர்ந்து ஒரே சாம்பலாகிவிடும்.

சனிக்கிழமை வீகாண்ட் வந்து இந்தப் பரணில் அவருக்குப் பக்கத்தில் உட்காரப்போகிறார். மரியரட்ணம் வேலை பார்க்கிற மரம் அரியும் ஆலையும் அவருடையது, இந்தக் காட்டின் வேட்டைக் குத்தகையும் அவருடையது. வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஒரு மிருகத்தைக் காட்டி, வகுப்பில் கேட்கிற அதே ஒழுங்கில் கேட்பார். தனியா, கூட்டமா? ஆணா, பெண்ணா? என்ன வயது? பின்னால் குட்டிகள் உண்டா? அடையாளம் சொல்லாமல் ஒருவரும் இங்கே விசையில் விரல் வைப்பதில்லை. சொல்ல முடியாவிட்டால் மரியரட்ணத்தின் அனுமதி அட்டை வேறு ஒருவருக்குப் போய்விடும். ஆலை முற்றத்தில் எல்லோருக்கும் முன்னால், சிரித்துக்கொண்டே அதைச் சொல்லியிருந்தார் வீகாண்ட்.

ஜெர்மனியின் சாவர்லாந்து மலைக்குள் ஒடுங்கிக் கிடந்த அந்த ஊரில் மரியரட்ணத்தை முதல் பதினைந்து வருடம் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அட்டை கிடைத்த பிறகுதான் ரொட்டிக் கடையில் பெயர் சொல்லி வணக்கம் சொன்னார்கள். அகதிகளின் வீடுகள் எரிவதைத் தொலைக்காட்சியில் காட்டிக்கொண்டிருந்த வருடத்தில் அவரும் மனைவியும் இருந்த வீட்டுச் சுவரில் யாரோ கறுப்பு மையால் எழுதிவிட்டுப் போனபோது, மறுநாள் காலை வாளியும் தூரிகையுமாக வந்து வெள்ளையடித்தவர்கள் அவரோடு வகுப்பில் இருந்த வேட்டைக்காரர்கள்தான். அந்த அட்டை போனால் சுவர் மறுபடி காவலில்லாத வெறும் சுவராகிவிடும் என்று அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

முதல் குறிகாட்டியின் புள்ளி பெரிதாக இருந்தது. மானின் தோளை முழுதாக விழுங்கியது. அதோடு, அது வட்டமாகவும் இல்லை. கீழே ஒரு வால் இழுபட்டுக் கிடந்தது.

வால் இருக்கும் என்று சாண்ட்ரா முதலே சொல்லியிருந்தாள். எசன் நகரத்தில் கண்ணாடிக் கடையொன்றில் வேலை பார்க்கிற பெண். பெற்றோர் மரியரட்ணத்தைப் போலவே மன்னாரில் பேசாலைக்காரர். அந்தக் கடையில் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்திலேயே வேட்டைக்காரருக்கான கண்ணாடிகளும் இருந்தன.

"புள்ளி எப்பிடித் தெரியுது அங்கிள்? வட்டமாவோ?"

"இல்லைப் பிள்ளை. வாற்பேத்தை மாதிரி."

"அப்பிடியே சாமானைச் சரிச்சுப் பிடியுங்கோ. வாலும் சேந்து சரியுதோ?"

"இல்லை. வால் நிண்ட இடத்திலதான் நிக்குது."

"அப்ப சாமானில பிழையில்லை. உங்கட கண்தான். கருவிழி கொஞ்சம் நெளிஞ்சிருக்கு. எவ்வளவு காசு குடுத்து எங்க வாங்கினாலும் சிவப்புப் புள்ளி உங்களுக்கு நெளிஞ்சுதான் தெரியும்."

"ஒண்டாவது வட்டமாத் தெரியாதோ?"

"கண்ணை மாத்தினாத்தான் உண்டு. கண் நாங்கள் விக்கிறதில்லை." சிரித்துவிட்டு, விசைவளையத்தைக் காட்டினாள். "வெளிச்சத்தைக் குறைச்சா வால் சுருங்கும். பொழுதுபடுற நேரத்தில ஆக்கள் விடுற பிழை அதுதான், புள்ளியைப் பளிச்செண்டு வச்சிருக்கிறது. மிருகத்தையே மறைச்சுப்போடும். ஆகக் குறைய வச்சுப் பழகுங்கோ. மூண்டையும் கொண்டுபோய் அந்த இடத்திலயே, அந்த நேரத்திலயே பாத்துப்போட்டுச் சொல்லுங்கோ. ஆனா அங்கிள், இது தூரத்தைக் கிட்டக் கொண்டுவராது, இருட்டை வெளிச்சமாக்காது. வெறுங்கண்ணுக்குத் தெரியாதது இதுக்குள்ளயும் தெரியாது."

"இந்தச் சிவப்பு பன்றிக்குத் தெரியாதோ?"

"இது லேசர் இல்லையே. கண்ணாடியில பட்டு உங்கட கண்ணுக்குள்ள மட்டும்தான் வரும். முன்னுக்கு நிக்கிறவைக்குக் கடைசி வரைக்கும் தெரியாது."

அவள் சொன்ன எல்லாவற்றையும் அவர் மனதுக்குள் ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அது அவருடைய வழக்கம். பிறகு சரியாகத்தான் கேட்டேனா என்று சந்தேகப்படுவதும் வழக்கம்.

பரணுக்குள் புகையிலை மணந்தது. ஈரப்பலகையின் மணத்துக்கும் எலி எச்சத்தின் மணத்துக்கும் கீழே, பழைய, இனிப்பான குழாய்ப் புகையிலை மணம். இந்தப் பரண் முன்பு ஏபர்ட் என்ற கிழவருடையது. அவர் பங்குனியில் நித்திரையில் செத்துப்போனார். ஏழு மாதம் கழிந்தும் பலகையிலிருந்து மணம் போகவில்லை. மழை பெய்தால் கூடுகிறது என்று மரியரட்ணம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்று மழை பெய்யவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மக்டலீன் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அவர் துவக்கை இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டும் வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. துவக்கு கையில் இருக்கும்போது அவரோடு பேசுவதில்லை என்பது அவள் வைத்த சட்டம்.

"எது நல்லது? வாங்கிற முடிவோ?"

"ஒண்டுதான் பாத்தன். புள்ளி பெரிசு."

அவர் பக்கத்தில் வந்து நின்றதும் அவள் முகத்தைச் சுழித்தாள். "திரும்பியும் என்னத்தைச் சப்பினீங்கள்?"

"ஒண்டும் சப்பேல்லையே."

"பிசின் மணக்குது வாயில. நத்தார் தொடக்கம் இதுதான். தலையணை உறையைக் கழுவிக் கழுவி எனக்குக் கை தேஞ்சு போச்சு."

"வயசு போனா வாய் மணக்கும்தானே."

"மணக்கும். மரம் மணக்குமோ?" அவள் மீனைப் பிரட்டினாள். "துவக்குக்குப் பயந்து வள்ளம் ஏறின சனம் நாங்கள். இப்ப துவக்கு எங்கட அலுமாரிக்குள்ள நித்திரை கொள்ளுது, நான் முழிச்சிருக்கிறன்."

"சனிக்கிழமை மட்டும் பொறு."

"சனிக்கிழமை நீங்கள் தோக்க வேணுமெண்டு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறன். சொல்லிப்போட்டன், பிறகு கேக்கேல்ல எண்டு சொல்லாதேங்கோ. நாளைக்கு, நாளையிண்டைக்கு, இருட்டினாப் பிறகும் வரேல்ல எண்டா நான் காட்டுக்குள்ள வந்து நிண்டு கூப்பிடுவன். உங்கட வீகாண்ட் என்னையும் பன்றி எண்டு சுடட்டும்."

அவர் சிரித்தார். பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாயைத் திறந்து கண்ணாடியில் பார்த்தார். நாக்கு சாதாரண நாக்காகத்தான் இருந்தது. கடைவாய்ப் பல்லுக்கிடையில் ஏதோ பச்சையாக. குச்சியால் கிண்டி எடுத்தார். ஊசியிலை. அரை அங்குலம். புதிது.

நத்தார் தொடக்கம், போன கிறிஸ்மஸிலிருந்து, என்று அவள் சொன்னது சரி. அதை அவர் அவளுக்கு முழுதாகச் சொன்னதில்லை.

போன மார்கழியில் நடந்த பெரிய வேட்டையில் அவர் தன் முதல் பன்றியைச் சுட்டார். வேட்டை முடிந்ததும் செத்த மிருகங்களைப் பச்சைக் கொப்புகளின் மேல் வரிசையாகக் கிடத்தி, நான்கு மூலையிலும் தீப்பந்தம் கொளுத்தி, ஊதுகொம்பு ஊதி, எல்லோரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பது அந்த ஊர் முறை. ஒவ்வொரு மிருகத்தின் வாயிலும் ஒரு சிறு கொப்பைச் செருகிவிடுவார்கள். கடைசிக் கவளம் என்று அதற்குப் பெயர். செத்ததுக்குச் செய்கிற மரியாதை. மரியரட்ணத்துக்கு அது பிடித்திருந்தது. பேசாலையில் தகப்பன் சாகக் கிடந்தபோது சுவாமியார் வந்து நாக்கில் நற்கருணை வைத்தது அவருக்கு ஞாபகம் வந்தது. இந்தச் சனம் பன்றிக்கும் அதைக் கொடுக்கிறதே என்று நினைத்தார்.

சுட்டவருக்கும் ஒரு கொப்பு உண்டு. காயத்து இரத்தத்தில் தொட்டு, தொப்பியில் செருகிக்கொள்ளக் கொடுப்பார்கள். அவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் தொப்பி போடவில்லை, காதை மூடிய கம்பளிக் குல்லா போட்டிருந்தார். இரண்டு கையாலும் துவக்கைப் பிடித்திருந்தார். கொப்பை எங்கே செருகுவது என்று தெரியாமல் வீகாண்ட் அதை அவருடைய முகத்துக்கு நேரே உயர்த்தினார்.

பந்தத்தின் வெளிச்சம், கொம்பின் ஓசை, தலைமூடாமல் நிற்கிற ஆண்கள், இரண்டு விரலுக்கிடையில் எதையோ பிடித்தபடி மெல்லக் கிட்ட வருகிற ஒரு முகம். ஏழு வயதிலிருந்து பீடத்தின் முன் முழங்காலில் நின்றவர். கண் தானாக மூடிக்கொண்டது. வாய் தானாகத் திறந்தது. நாக்கு வெளியே வந்தது.

வீகாண்ட் திகைத்தாரோ, வேடிக்கைக்குத்தான் செய்தாரோ, கொப்பை அந்த நாக்கில் வைத்தார்.

பிசினின் கைப்பு. இரத்தத்தின் உப்பு. மரியரட்ணம் வாயை மூடி, "ஆமென்" என்றார்.

கண்ணைத் திறந்தபோது எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏபர்ட் மட்டும் சிரிக்கவில்லை. அவர் நடந்து வந்து, குளிர்ந்த விரல்களால் மரியரட்ணத்தின் தாடையைப் பிடித்து, உதட்டை மேலே தள்ளிப் பல்லைப் பார்த்தார். செத்த பன்றியின் வயதைக் கணிக்க அப்படித்தான் பார்ப்பார்கள். அவருடைய மூச்சில் குழாய்ப் புகையிலை மணந்தது.

"கொப்பை வாயில் வாங்குகிறவன் வேட்டைக்காரன் இல்லை" என்றார். பிறகு வீகாண்டிடம் திரும்பி, தரையில் கிடந்தவற்றைக் காட்டி, கணக்குச் சொல்கிறவர் போல அமைதியாகச் சொன்னார்: "அப்படியானால் வரிசையில் ஒன்று குறைகிறது."

அதற்கும் சிரித்தார்கள்.

மறுநாள் மாலை காட்டு வழியின் தடைக்கட்டையருகே வீகாண்டின் ஜீப் நின்றது. வீகாண்ட் வெளியே நின்று நாயின் வார்ப்பட்டையைப் பிடித்திருந்தார். அஸ்டா என்ற அந்த நாய் ஆலையில் எத்தனையோ நாள் மரியரட்ணத்தின் சப்பாத்தின் மேல் தலை வைத்துத் தூங்கியிருக்கிறது. அவர் பழக்கத்தில் கையை நீட்டினார்.

நாயின் முதுகு மயிர் கழுத்திலிருந்து வால் வரை எழுந்து நின்றது. முன்காலை மடக்கிப் பதுங்கியது. பிறகு குரைத்தது. ஆளைக் கண்டு குரைக்கிற குரைப்பு இல்லை. புதருக்குள் பன்றியை மடக்கி வைத்துக்கொண்டு எசமானைக் கூப்பிடும் குரைப்பு, இடைவிடாமல், ஒரே தாளத்தில். அதன் கண் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. தொண்டையைப் பார்த்தது.

வீகாண்ட் நாயைப் பார்த்தார். மரியரட்ணத்தைப் பார்த்தார். வழக்கத்தைவிட நீண்ட நேரம் பார்த்தார்.

"நாய்க்கும் கண் போய்விட்டது போலிருக்கிறது. இரண்டு பேரையும் ஒரே நாளில் ஓய்வில் அனுப்பலாம்."

"சோப்பு மாற்றினேன், ஹெர் வீகாண்ட்."

"சனிக்கிழமை" என்றார் வீகாண்ட். நாயை இழுத்து ஜீப்புக்குள் தள்ள அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. கதவு சாத்திய பிறகும் கண்ணாடிக்குப் பின்னால் அது அதே தாளத்தில் குரைத்துக்கொண்டிருந்தது. பரணுக்கு ஏறிய பிறகும் மலைச்சரிவில் அந்தச் சத்தம் தேய்ந்து தேய்ந்து கேட்டது.

இரண்டாவது குறிகாட்டியின் புள்ளி சின்னது. ஆனால் வெளிச்சத்தைக் குறைக்கும் வளையம் போதிய அளவு குறைக்கவில்லை; வானம் சாம்பலாகியதும் புள்ளி தணலாகி, வால் வளர்ந்து, இரண்டாகப் பிளந்தது. அவர் கண்ணைக் கண்ணாடியிலிருந்து விலக்கித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இது கூடாது என்று முடிவு செய்தார். அதற்குள் பன்றிகள் வந்துவிட்டன.

வெட்டவெளியின் நடுவில் அவற்றுக்கு ஆசைகாட்டச் சோளமணி போட்டுக் கட்டையால் மூடி வைத்திருந்தது. அவை அங்கே போகவில்லை. நேராகப் பரணுக்குக் கீழே வந்தன. ஈரமயிரின் காரமான வாடை பலகை இடுக்குகளால் மேலே வந்தது. பரணின் காலில் முதுகைத் தேய்த்தன. ஆணிகள் முனகின. அவருடைய இருக்கை மெல்ல ஆடியது, யாரோ கீழிருந்து தொட்டில் ஆட்டுவதுபோல.

அவர் வேண்டுமென்றே இருமினார். பன்றிகள் ஓடவில்லை. பலகையில் கையால் அடித்தார். ஒரு பெரிய பெண் பன்றி மூக்கை மேலே தூக்கியது. தொண்டைக்குள் தாழ்வாக, மெதுவாக ஒரு சத்தம் எழுப்பியது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். வகுப்பில் ஒலிநாடாவில் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். பின்தங்கிய குட்டியைத் தாய் கூப்பிடும் சத்தம்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பதில் சொல்லிவிடுவேனோ என்று ஏன் பயந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

சோளத்துக்குப் பழகிவிட்டன, அவ்வளவுதான். மனிதன் இருக்கிற இடத்தில் தீனி இருக்கிறது என்று கண்டுகொண்டன. பன்றி புத்தியுள்ள சாதி. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டே நடந்தார். மக்டலீனிடம் சொல்லவில்லை. இன்னும் ஒரு நாள்தானே.

வெள்ளிக்கிழமை காற்றே இல்லை. காடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. இலையிலிருந்து சொட்டிய துளிகளின் ஓசை கூடத் தனித்தனியாகக் கேட்டது. மூன்றாவது குறிகாட்டி ஒடுங்கிய குழாய் போன்றது. அவர் அதைப் பூட்டி, வளையத்தை ஆகக் குறைந்த இடத்துக்குத் திருப்பி, இரண்டு கண்ணையும் திறந்தபடி பார்த்தார். புள்ளி குண்டூசித் தலையளவு. வால் இருந்தது, ஆனால் குட்டை. வெட்டவெளிக்கு அப்பால் நின்ற அடிமரத்தில் வைத்தார். மரப்பட்டை புள்ளியைச் சுற்றித் தெளிவாக நின்றது. வெளிச்சம் மங்க மங்கப் பார்த்தார். புள்ளி அடங்கியே இருந்தது, எதையும் விழுங்கவில்லை.

இதுதான். நாளைக்கு வீகாண்ட் கேட்கட்டும். தனியா, கூட்டமா? ஆணா, பெண்ணா? வயது? குட்டிகள்? சொல்லலாம். அட்டை தங்கும். ரொட்டிக் கடையில் பெயர் தங்கும்.

அப்படி நினைத்துக்கொண்டே துவக்கைச் சோளத்தை மூடியிருந்த கட்டைப் பக்கம் திருப்பினார். கட்டையருகில் ஒருவர் நின்றார்.

கண்ணை எடுத்தார். வெட்டவெளி காலியாக இருந்தது. புல், கட்டை, மூடுபனி. கண்ணாடிக்குள் மறுபடி பார்த்தார். நின்றார். இரண்டு காலில், அசையாமல், பரணைப் பார்த்தபடி. தலையில் கம்பளிக் குல்லா. கைகள் மார்புக்கு முன்னால். முகம் வெளிறிய ஒரு கறை, அதன் நடுவில் கறுப்பாக ஏதோ திறந்திருந்தது.

வெறுங்கண்ணுக்குத் தெரியாதது இதுக்குள்ளயும் தெரியாது. சாண்ட்ரா சொன்னாள். சரியாகத்தான் கேட்டேன்.

துவக்கைச் சட்டென்று கீழிறக்கினார். தோட்டா இல்லை, தெரியும். இருந்தும் குழலை ஒரு மனிதர் மேல் பிடித்துவிட்டாரே. மக்டலீன் வருவேன் என்று சொன்னாளே. வெளியில் போகும்போது அவருடைய பழைய குல்லாவைத்தானே அவள் போட்டுக்கொள்வாள். கண்தான் பிழை. வெறுங்கண்ணுக்கு மூடுபனி மறைக்கிறது. அவளாகத்தான் இருக்கும்.

"மக்டலீன்" என்று கூப்பிட்டார். மறுபடி ஒரு கணம் கண்ணாடிக்குள் பார்த்தார்; அந்த வாய் அசையவில்லை.

ஏணி ஈரம். அப்படியான ஏணியில் துவக்கோடு இறங்கக் கூடாது என்பது விதி. குறிகாட்டியின் வளையத்தைத் திருப்பி அணைத்தார். கிளிக். துவக்கின் பூட்டுத்தண்டை, தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கிற அந்த இரும்பை, உருவிக் கோட்டுப் பையில் போட்டார். அது இல்லாமல் துவக்கு வெறும் குழாய். துவக்கைத் திறப்பின் கட்டையில் சாய்த்து வைத்துவிட்டு இறங்கினார்.

கீழே மூடுபனி முழங்கால் வரை நின்றது. நடந்தார். புல் கால்சட்டையை நனைத்தது. "இஞ்சேர்" என்று மெல்லக் கூப்பிட்டார். கட்டைக்கு வந்தார். ஒருவரும் இல்லை. புல்லில் காலடி இல்லை, அவருடையதைத் தவிர. குளிரில் கைகள் தாமாக மார்புக்கு வந்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. குல்லாவைக் காதுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது, தான் எப்படி நிற்கிறார் என்று.

பனிக்குள் ஏதோ அசைந்தது. முழங்காலில் சூடான ஈரமூக்கு பட்டது. இன்னொன்று மறுபக்கம். பன்றிகள் ஓசையில்லாமல் வந்து அவரைச் சுற்றி நின்றன. குட்டிகள் அவருடைய சப்பாத்துக்கிடையில் சோளம் பொறுக்கின. பெரிய பெண் பன்றி தன் விலாவை அவருடைய தொடையில் சாய்த்தது. பாரமாக. பழக்கமாக. அவர் அசையவில்லை. அசைந்தால் என்ன ஆகும் என்பதைவிட, அந்தச் சூடு இதமாக இருந்தது என்பதுதான் அவரைப் பயமுறுத்தியது.

சோளம் கொறிக்கும் சத்தம் நின்றது.

எல்லாம் ஒன்றாகத் தலையைத் தூக்கின. எல்லாம் ஒரே பக்கம் பார்த்தன. பரணை.

அவரும் பார்த்தார்.

திறப்பு கறுப்பாக இருந்தது. அதற்குள்ளிருந்து குழாய்ப் புகையிலை மணம் வெட்டவெளியைத் தாண்டி வந்து சேர்ந்தது, காற்றே இல்லாமல். பிறகு சத்தம். எண்ணெய் போட்ட இரும்பு இரும்புக்குள் வழுக்கிப் போய் அடங்கும் சத்தம். பூட்டுத்தண்டு முன்னே போகிறது. கீழே மடங்குகிறது.

கையைக் கோட்டுப் பைக்குள் விட்டார்.

பூட்டுத்தண்டு அங்கேதான் இருந்தது. குளிராக. பாரமாக.

பன்றிகள் சிதறி ஓடின. புல் கிழிந்தது, பனி கிழிந்தது, மூடிக்கொண்டது. ஓடு என்று அவர் தன் கால்களுக்குச் சொன்னார். கால்கள் வேறு யாருடையவோ. பெண் பன்றி மரங்களின் விளிம்பில் ஒருமுறை நின்று, தொண்டைக்குள் தாழ்வாகக் கூப்பிட்டது. பிறகு அதுவும் போய்விட்டது.

பரணிலிருந்து ஒரு குரல். கிசுகிசுப்பு. வறண்ட, பொறுமையான ஜெர்மன். வகுப்பில் கேட்கிற அதே ஒழுங்கில்.

"தனியன்."

பொறு.

"ஆண்."

சொல்லாதே.

"முதிர்ந்தது." ஒரு மூச்சு. "பின்னால் குட்டிகள் இல்லை."

எல்லாம் சரி. ஒன்றும் பிழையில்லை.

மரியரட்ணம் கத்த வாயைத் திறந்தார். கத்த முடியவில்லை. நாக்கின் மேல் ஏதோ கிடந்தது. முட்களாய். கைப்பாய். உப்பாய். பல்லுக்கு வெளியே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு.

பரணின் கறுப்புக்குள், முன்னால் நிற்கிறவருக்குக் கடைசி வரை தெரியாத இடத்தில், ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது. வால் இல்லை. நெளிவு இல்லை. அவருடைய கண்ணுக்கு அது, முதல்முறையாக, முழு வட்டமாகத் தெரிந்தது.